அவையே தானேயாய்: சிவஞானபோதத்தை இன்றைய தமிழில் எழுதுவதில் உள்ள இடர்கள்

பாடபேதம் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் வாசகர் வட்டத்தில் சில மாதங்களாக, சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான மெய்கண்டாரின் சிவஞானபோதம் படித்து வருகிறோம். நூல் மிகச் சிறியது. 12 சூத்திரங்கள், 40 அடிகள். ஒரு தாளின் இரு பக்கங்களில் எழுதி முடித்துவிடலாம். இளையவர்கள் சிலர், சூத்திரங்களை எளிய உரைநடையில் எழுதித் தந்தால் வீட்டில் மீண்டும் படித்துக்கொள்ள உதவும் என்று கேட்டார்கள். தமிழிலிருந்து தமிழுக்குத்தானே என்ற துணிவில் ஒப்புக்கொண்டேன். இரண்டாம் சூத்திரத்தைத் தாண்ட முடியாமல் நிற்கிறேன்.

அரிய சொற்கள் எனக்குப் பெரிய இடராக இல்லை, அகராதியைப் பார்த்துத் தெளிந்துகொள்ளலாம். நாள்தோறும் நாம் பேசுகிற சொற்கள்தாம் என்னை ஏமாற்றின. நான்காம் சூத்திரத்தில் வரும் 'சகசமலம்' என்பதைப் பார்த்த ஒரு மாணவர், 'சகஜமான அழுக்கு, அதாவது எல்லாரிடமும் சாதாரணமாக இருக்கும் குற்றம்' என்று எழுதி வந்தார். அங்கே சகசம் என்பது உயிரோடு உடனாய் இருப்பது, அநாதியே பற்றியிருப்பது என்ற பொருளில் நிற்கிறது. அதே சூத்திரத்தின் 'அஞ்சவத்தை' அவருக்கு ஐந்து துன்பங்களாகத் தெரிந்தது. அவஸ்தை என்றால் துன்பம் என்பதே இன்றைய வழக்கு. நூலிலோ அது நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்ற ஐந்து நிலைகளைக் குறிக்கிறது. முதல் சூத்திரத்தின் 'திதி' பஞ்சாங்கத்துத் திதி அன்று, நிலைபெறுதல். ஐந்தாம் சூத்திரத்தின் 'விளம்பிய உள்ளத்து' என்பதில் உள்ளம் என்பது மனம் அன்று, உயிர். நூலின் அமைப்பைக் குறிக்கும் சொற்களே இடம் மாறிவிட்டன. மேற்கோள் என்றால் இன்று பிறர் கூற்றை எடுத்துரைப்பது. மெய்கண்டாரிடம் அது நிறுவ வேண்டிய கருத்து. 'ஏது' இன்று ஒரு வினாச்சொல்லாக ஒலிக்கிறது. அவரிடம் அது அக்கருத்துக்கான காரணம்.

எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது 'உணர்வு' என்னும் சொல். இன்று அதைக் கேட்டவுடன் சினம், அன்பு, துயரம் என்று மனம் போகிறது. நூலில் அது பெரும்பாலும் அறிவு, அறிதல். 'உணருரு அசத்தெனின்' என்று தொடங்கும் ஆறாம் சூத்திரத்தை இன்றைய பொருளில் படித்தால், அறிவினால் சுட்டி அறியப்படுவது எத்தன்மையது என்ற கேள்வி முற்றிலும் மறைந்து, ஏதோ மன எழுச்சிகளைப் பற்றிய பேச்சாகிவிடும்.

இவற்றையெல்லாம் குறிப்பெழுதிச் சமாளித்துக்கொள்ளலாம் என்றே நம்புகிறேன். என் முதன்மையான கேள்வி வேறு. இரண்டாம் சூத்திரம் இது:

அவையே தானே ஆய் இருவினையின்
போக்கு வரவு புரிய ஆணையின்
நீக்கம் இன்றி நிற்கும் அன்றே.

முதல் மூன்று சொற்களை எப்படி எழுதுவது? 'அவையே தானாகி' என்று எழுதினால் உயிர்களும் இறைவனும் ஒரே பொருள் என்று ஆகிவிடுகிறது. உரைகாரர்கள் சொல்வதை எழுதினால் மூன்று சொற்கள் ஒரு பத்தியாக விரிகின்றன. நான் எழுத வேண்டியது சூத்திரத்தையா, உரையையா?

வெண்ணெய்நல்லூரான்

ஐயா, தங்கள் முயற்சி மதிக்கத்தக்கது. ஆனால் கேள்வியிலேயே ஒரு பிழை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சூத்திரம் ஒருபுறமும் உரை மறுபுறமுமாக இந்த நூல் பிறக்கவில்லை. மெய்கண்டாரே ஒவ்வொரு சூத்திரத்தையும் கூறுகளாகப் பிரித்து, மேற்கோளும் ஏதுவும் சொல்லி, எடுத்துக்காட்டாக வெண்பாக்களும் பாடி வைத்திருக்கிறார். அவற்றை விட்டுவிட்டு 40 அடிகளை மட்டும் பெயர்ப்பது, வாய்பாட்டை மட்டும் கொடுத்துவிட்டுக் கணக்கைக் கொடுக்காமல் விடுவதைப் போன்றது.

நான் இந்த நூலை ஒரு பெரியவரிடம் நேரில் பாடம் கேட்டேன். முதல் சூத்திரத்துக்கு மட்டும் ஏறத்தாழ 2 மாதங்கள் ஆயின. 'அந்தம் ஆதி என்மனார் புலவர்' என்ற அடியை அவர் படிக்கும்போது, 'முடிவே தொடக்கம் என்று எழுதிவிடாதே' என்று முதல் நாளே எச்சரித்தார். அங்கே அந்தம் என்பது முடிவு என்ற நிகழ்ச்சியைக் குறிக்காது, அந்த முடிவைச் செய்யும் முதற்பொருளைக் குறிக்கும். இதை மெய்கண்டாரே 'சங்கார காரணனாயுள்ள முதலையே முதலாக உடைத்து இவ்வுலகம்' என்று தம் வாக்கால் திறந்துவிடுகிறார். ஆசிரியரே திறந்து வைத்த கதவை மூடிவிட்டு, நாமாகச் சுவரில் ஓட்டை போட வேண்டுமா?

'அவையே தானே ஆய்' என்பதில் உள்ள ஒரே 'ஆய்' மூன்று இடங்களில் சென்று இயையும் என்பது சிவஞான முனிவர் இந்த நூலுக்கு எழுதிய பேருரையான மாபாடியத்தில் காட்டும் வழி. கலப்பினால் 'அவையே ஆய்', அதாவது உயிர்களேயாய். பொருள் தன்மையினால் 'தானே ஆய்', அதாவது அவற்றின் வேறாய். உயிர்க்குயிராக உடன் நிற்பதால் 'அவையே தானே ஆய்'. ஒன்றாய், வேறாய், உடனாய் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்த மூன்றில் ஒன்றை மட்டும் எழுதினாலும் அது சித்தாந்தம் ஆகாது.

சுட்டுப்பெயர்

வடமொழிச் சூத்திரங்களையும் உடன் வைத்துப் படித்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும் என்பதால் எழுதுகிறேன். எது முதனூல், எது பெயர்ப்பு என்ற பழைய வழக்கை இங்கே தொடங்க எனக்கு விருப்பம் இல்லை. சைவ ஆகமங்களுள் ஒன்றான ரௌரவத்தில் உள்ள 12 வடமொழிச் சுலோகங்களை மெய்கண்டார் தமிழாக்கினார் என்பது மரபில் வழங்கும் செய்தி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1961 முதல் பதிப்பித்த ரௌரவத்தில் அந்தச் சுலோகங்கள் காணப்படவில்லை என்பதும், தமிழே முதனூல் என்று வாதிட்ட அறிஞர்கள் 20ஆம் நூற்றாண்டில் பலர் இருந்தனர் என்பதும் இந்த இழையில் பலருக்கும் தெரிந்திருக்கும். எது முன்னது ஆனாலும், ஒன்று மற்றொன்றை எப்படிப் புரிந்துகொண்டது என்பதற்கு இவ்விரண்டும் அரிய சான்று.

முதல் சூத்திரத்தின் வடமொழி வடிவம் 'ஸ்த்ரீ பும் நபும்ஸக' என்று தொடங்குகிறது. பெண், ஆண், அலி என்ற மூன்று பால்களாக உலகம் இருப்பதாலும், அது ஆக்கப்பட்ட பொருளாகக் காணப்படுவதாலும், 'அஸ்தி கர்த்தா', ஆக்குபவன் ஒருவன் உண்டு என்று நேராகச் சொல்லிவிடுகிறது. தமிழில் 'கர்த்தா உண்டு' என்ற தொடரே இல்லை. 'அவன் அவள் அது எனும் அவை' என்று அது தொடங்குகிறது. வடமொழி பால்களின் பெயரைச் சொல்ல, தமிழ் சுட்டுப்பெயர்களைச் சொல்கிறது. இதைச் சிறிய வேறுபாடு என்று என்னால் கருத முடியவில்லை. சுட்டி அறியப்படுவதுதான் உலகம் என்ற கருத்து இந்த மூன்று சுட்டுகளிலேயே அமர்ந்திருக்கிறது. ஆறாம் சூத்திரத்தில் சுட்டறிவுக்கு உட்படுவது அசத்து, அதாவது நிலையில்லாதது என்று வாதம் விரியும்போது, முதல் அடியின் அவன், அவள், அது மீண்டும் நினைவுக்கு வர வேண்டும். 'ஆண், பெண், அலி' என்று பெயர்த்துவிட்டால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும்.

தாங்கள் கேட்கும் இரண்டாம் சூத்திரத்தில் வடமொழி 'அந்ய: ஸந் வ்யாப்திதோ அநந்ய:' என்கிறது. வேறாய் இருந்தும் வியாபகத்தால் வேறல்லாதவன் என்பது அதன் பொருள். அதாவது முதலில் வேற்றுமையைச் சொல்லிப் பிறகு வேறின்மைக்குக் காரணமும் தருகிறது. தமிழ் 'அவையே' என்று ஒன்றாதலில் தொடங்குகிறது, காரணம் எதையும் சொல்லவில்லை. மாபாடியத்தின் மூவகைப் பொருளைத் தமிழ் அடிக்குள் எழுதினால், தமிழ் சொல்லாமல் விட்டதை நாம் சொன்னதாக ஆகாதா என்பது என் ஐயம்.

பாடபேதம்

இருவருக்கும் நன்றி. சுட்டுப்பெயர் அவர்கள் எழுதிய ஐயத்தையே நான் வேறு வழியில் சுமந்துகொண்டிருந்தேன். மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டினர். திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் 1785இல் மறைந்தவர். இடையில் 5 நூற்றாண்டுகள். மெய்கண்டாரின் சொந்த விளக்கத்தை மூலத்தின் பகுதியாக ஏற்பதில் எனக்குத் தடையில்லை, அந்த வகையில் வெண்ணெய்நல்லூரான் ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மாபாடியம் அத்தனை பெரிய அறிஞரின் நூல் என்பதாலேயே, அதன் முடிவை மூலத்தின் சொல்லாகக் காட்ட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மாபாடியம் தன் காலத்து எதிர்வாதங்களுக்கும் விடை சொல்லும் நூல். அந்த விடைகளை 13ஆம் நூற்றாண்டு அடிக்குள் வைத்துவிட்டால், இடையில் சிந்தனை எப்படி வளர்ந்தது என்பதை வாசகர் ஒருநாளும் காண முடியாது.

வெண்ணெய்நல்லூரான்

ஐயா, 5 நூற்றாண்டு இடைவெளி என்று சொல்லும்போது உமாபதி சிவத்தை மறந்துவிட்டீர்கள். சைவ சித்தாந்த ஆசிரியர் மரபான சந்தான குரவர் வரிசையில் மெய்கண்டார் முதல்வர், உமாபதி சிவம் நான்காமவர். அவருடைய சங்கற்ப நிராகரணம் சக ஆண்டு 1235 என்று தன் காலத்தைத் தானே சொல்லிக்கொள்கிறது, அதாவது 1313. சிவப்பிரகாசத்தின் பாயிரத்தில் அவர் பொன்னும் பணியும் போன்ற அபேதத்தையும் (வேறின்மை), இருளும் ஒளியும் போன்ற பேதத்தையும் (வேறாதல்), சொல்லும் பொருளும் போன்ற பேதாபேதத்தையும் (இரண்டுமாதல்) விலக்கிவிட்டு, 'உடலுயிர் கண் அருக்கன் அறிவொளிபோல் பிறிவரும் அத்துவிதம்' என்கிறார். உடலும் உயிரும் போல் ஒன்றாய், கண்ணும் கதிரவனும் போல் வேறாய், உயிரறிவும் கண்ணொளியும் போல் உடனாய் என்று இதற்குப் பொருள் சொல்வர். மூவகை இயைபு 18ஆம் நூற்றாண்டில் திடீரென்று தோன்றியது அன்று.

பாடபேதம்

உண்மை. என் வாதத்தின் அந்தப் பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சிவப்பிரகாசப் பாயிரத்தை இந்தக் கோணத்தில் நான் வைத்துப் பார்க்கவில்லை.

ஒரு வேறுபாட்டை மட்டும் பதிவு செய்கிறேன். உமாபதி சிவம் கொள்கையைச் சொல்கிறார். 'ஆய்' என்ற சொல் எங்கெங்கே சென்று இயையும் என்ற இலக்கணத்தைச் சொல்லவில்லை. கொள்கை பழையது என்பது உறுதியாகிவிட்டது. அந்தக் கொள்கையை இந்த மூன்று சொற்களுக்குள் காட்டும் பகுப்பு மாபாடியத்தினுடையது. இவ்விரண்டையும் பிரித்து எழுதுவது வாசகருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

தொலைவில் ஒருவர்

நான் தமிழ்நாட்டுக்கு வெளியே வளர்ந்தவள். இந்த நூலை முதலில் ஆங்கிலத்தில்தான் படித்தேன். ஆகவே பெயர்ப்பினால் வழிதவறிய ஒரு வாசகியின் அனுபவத்தைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

ஆங்கிலத்துக்கு இந்த நூல் பலமுறை சென்றிருக்கிறது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி ஹென்றி ஹொய்சிங்டன் செய்த பெயர்ப்பு 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையின் பெயர்ப்பு 1895இல் வந்தது. கார்டன் மேத்யூஸ் செய்தது 1948இல் ஆக்ஸ்போர்டில் வெளியாயிற்று. இவர்களைக் குறை கூறுவது என் நோக்கம் அன்று. இவர்கள் இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் இந்த நூலின் வாசலுக்கே வந்திருக்க மாட்டோம். ஆனால் பசு, ஆன்மா, உயிர், உள்ளம் என்று தமிழ் பல சொற்களால் சொல்வதெல்லாம் 'சோல்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லில் வந்து அடையும்போது, அந்தச் சொல் தன் கிறித்தவ வீட்டுச் சாமான்களையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறது. படைக்கப்பட்ட உயிர், ஒரே ஒரு பிறவி, இறுதித் தீர்ப்பு ஆகிய அனைத்தும் என் மனத்தில் அறியாமலேயே வந்து அமர்ந்தன. சித்தாந்தத்தில் உயிர் படைக்கப்பட்டதே அன்று என்பது, பதியாகிய இறைவனைப் போலவே பசுவாகிய உயிரும் பாசமாகிய தளையும் அநாதி என்பது, பல ஆண்டுகள் கழித்துத் தமிழில் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அன்று நான் அடைந்த அதிர்ச்சியை இன்றும் மறக்கவில்லை. நான் அதுவரை படித்துக்கொண்டிருந்தது வேறொரு சமயம்.

'அத்துவிதம்' என்ற சொல்லின் நிலை இதைவிடக் கடினம். ஆங்கிலத்தில் அதை ஒருமைவாதம் என்றோ இருமையின்மை என்றோ எழுதிவிடுவார்கள், வாசகர் உடனே சங்கரரின் வேதாந்தத்தை நினைத்துக்கொள்வார். மெய்கண்டார் அந்த இரண்டாம் சூத்திரத்தின் கீழேயே 'அத்துவிதம் என்ற சொல்லே அந்நிய நாத்தியை உணர்த்துமாயிட்டு' என்று எழுதியிருக்கிறார். இரண்டு பொருள் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அந்நியமாய்ப் பிரிந்து நிற்றல் இல்லை என்கிறார். இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

வெண்ணெய்நல்லூரான்

அம்மா, ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பது எனக்கும் தெரியாது. தமிழில் அது ஒற்றைச் சொல்லில் அடங்கும். எதிர்மறைக்கு இன்மை, அன்மை, மறுதலை என மூன்று பொருள் உண்டு என்றும், அத்துவிதம் என்பதில் உள்ள எதிர்மறை அன்மைப் பொருளில் வந்தது என்றும் சிவஞான முனிவர் காட்டுவார். 'இரண்டு இல்லை' என்பது வேறு, 'இரண்டு அல்ல' என்பது வேறு. முதலாவது எண்ணிக்கையை மறுக்கிறது, இரண்டாவது இரண்டாய்ப் பிரிந்து நிற்கும் தன்மையை மறுக்கிறது. இத்தனை நுட்பத்தையும் நம் மொழி இயல்பாகவே வைத்திருக்கிறது.

தொலைவில் ஒருவர்

மிக்க நன்றி ஐயா. இதை ஒருவரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை.

சுட்டுப்பெயர்

இந்த இடத்தில் ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். அந்த நுட்பம் நம் பேச்சிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் இன்று 'நான் டாக்டர் இல்லை' என்றே சொல்கிறோம். 'அல்ல' வர வேண்டிய இடத்திலும் 'இல்லை' வந்து அமர்ந்துவிட்டது. இளைய வாசகருக்கு 'இரண்டு அல்ல' என்பதும் 'இரண்டு இல்லை' என்பதும் ஒன்றாகவே கேட்கக்கூடும். ஏழாம் சூத்திரத்தின் 'இரண்டலா ஆன்மா', மூன்றாம் சூத்திரத்தின் 'உளது இலது என்றலின்' ஆகியவற்றில் அல்லாமையையும் இல்லாமையையும் நூல் எவ்வளவு விழிப்பாகப் பிரித்து ஆள்கிறது என்பதைக் குறிப்பிலாவது விளக்கியாக வேண்டும். 'நான்' என்ற ஒன்று இல்லை என்று சொல்வதற்கே அப்படிச் சொல்லும் ஒன்று இருக்க வேண்டும் என்ற மூன்றாம் சூத்திரத்தின் முதல் வாதம் 'இலது' என்ற சொல்லின் மேல்தான் நிற்கிறது.

மெய்யியல் மாணவி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் பயில்வது இடைக்கால அரபு, எபிரேய, லத்தீன் மெய்யியல். இங்கே எழுந்த கேள்விகள் அங்கேயும் அப்படியே எழுந்திருப்பதால் இரண்டு செய்திகளைப் பகிர்கிறேன்.

மைமோனிடஸ் என்ற யூத மெய்யியலாளர் 'திகைத்தோர்க்கு வழிகாட்டி' என்ற தம் நூலை அரபு மொழியில் எழுதினார். தென் பிரான்சில் லூனெல் என்ற ஊரிலிருந்த சாமுவேல் இப்னு திப்பன் அதை எபிரேயத்தில் பெயர்த்தார். ஆசிரியர் உயிரோடு இருக்கும்போதே கடிதம் எழுதி ஐயம் கேட்கும் பேறு அவருக்குக் கிடைத்தது. 1199இல் மைமோனிடஸ் அவருக்கு எழுதிய கடிதத்தில், சொல்லுக்குச் சொல் வைத்து மூலத்தின் வரிசையையும் காக்க முயன்றால் பெயர்ப்பு குழம்பிவிடும், முதலில் பொருளை முழுதும் உணர்ந்துகொண்டு பிறகு அதைத் தம் மொழியில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அறிவுரை கூறினார். இப்னு திப்பன் 1204இல் பெயர்ப்பை முடித்தார். ஆசிரியரின் அறிவுரை கையில் இருந்தும், அவர் பெரும்பாலும் அரபுத் தொடரின் போக்கையே பின்பற்றி, எபிரேயத்தில் இல்லாத சொற்களைப் புதிதாக ஆக்கினார். 1213இல் அந்த அயற்சொற்களுக்கென்றே ஒரு சொல்விளக்க நூலையும் எழுதினார். அல் ஹரீஸி என்ற கவிஞர் அதே நூலை அழகான எபிரேயத்தில் மீண்டும் பெயர்த்தார். படிக்க இனியது என்றாலும் மெய்யியல் பயில்வோர் நம்பியது இப்னு திப்பனின் கரடுமுரடான பெயர்ப்பைத்தான். பாடபேதம் ஐயா தம் உரைநடை கரடாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது செய்தி ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. ஆடு ஓநாயைப் பார்க்கும்போது அதன் நிறத்தையும் வடிவத்தையும் கண் காண்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அதன் பகைமையையும் ஆடு எப்படியோ அறிந்து ஓடுகிறது. அப்படி அறியப்படுவதை இப்னு சீனா 'மஃனா' என்றார். அரபில் அது பொருள், கருத்து என்ற பரந்த வழக்குடைய சொல். லத்தீன் பெயர்ப்பாளர்கள் அதை 'இன்டென்டியோ' என்று எழுதினர், அந்தச் சொல்லுக்கோ லத்தீனில் நோக்கம் என்ற பொருள் முன்பே இருந்தது. மஃனாவில் இல்லாத அந்த நோக்கத்தின் சாயல் பெயர்ப்பின் வழியே உள்ளே நுழைந்தது. பிற்காலத்து ஐரோப்பிய மெய்யியலில் மனம் ஒரு பொருளை நோக்கி நிற்றல் என்று பேசப்படும் கோட்பாட்டின் சொல்வழி இங்கேதான் செல்கிறது. பெயர்ப்பாளரின் தேர்வு மூலத்தை மறைத்ததோடு நிற்காமல் புதிய சிந்தனைக்கும் வழி திறந்தது. 'உணர்வு' என்ற சொல்லை அப்படியே விட்டு வைத்தால் இளைய வாசகர்களிடம் இதுபோல ஒன்று நிகழும். அது நல்லதா என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஆனால் மெய்கண்டார் சொன்னது அதுவாக இராது.

வெண்ணெய்நல்லூரான்

மகிழ்ச்சி அம்மா. ஆசிரியரிடமே கடிதம் எழுதிக் கேட்க முடிந்தும் தம் வழியிலேயே சென்ற அந்தப் பெயர்ப்பாளரை நினைக்க வியப்பாக இருக்கிறது. 'உணர்வு' வரும் இடங்களில் 'அறிவு' என்று மாற்றிவிடலாம் என்று பாடபேதம் ஐயா நினைக்கக்கூடும். அதையும் எண்ணிப் பார்த்தே செய்ய வேண்டும். 'உணர்த்த உணர்தலின்' என்று மூன்றாம் சூத்திரம் சொல்கிறது. உணர்த்தினால் மட்டுமே உணரும் இயல்புடையது உயிர் என்பது அங்கே கருத்து. 'அறிவிக்க அறிதலின்' என்று எழுதினால் பொருள் கெடாது, இதற்கு மரபிலும் 'அறிவித்தால் அறிவது' என்ற வழக்கு உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் இது பொருந்தாது. ஒவ்வோர் இடமாகப் பாருங்கள்.

தொலைவில் ஒருவர்

சிறிய கேள்வி. ஐந்தாம் சூத்திரத்தில் 'காந்தம் கண்ட பசாசம்' என்று வருகிறதே, பிசாசுக்கும் காந்தத்துக்கும் என்ன தொடர்பு?

சுட்டுப்பெயர்

அங்கே பசாசம் என்பது இரும்பு. காந்தத்தின் முன்னிலையில் இரும்பு அசைவது போல, இறைவனின் அருள் முன்னிலையில் உயிர் அறிகிறது என்பது உவமை. பிசாசுக்கு அங்கே இடமில்லை.

பாடபேதம்

கடந்த இரண்டு நாட்களில் எல்லாவற்றையும் மீண்டும் படித்தேன். இரண்டு அடுக்காக எழுதலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். முதல் அடுக்கில் சூத்திரம் தன் சொற்களால் தாங்கும் அளவுக்கு மட்டும் உரைநடை. அதன் கீழே, மெய்கண்டாரின் சொந்த விளக்கம் இது, உமாபதி சிவம் சொன்னது இது, மாபாடியம் சொற்களை இயைக்கும் முறை இது என்று யாருடைய கருத்து என்பதைப் பெயர் சொல்லி எழுதுவேன். இரண்டாம் சூத்திரத்தின் முதல் அடுக்கு இப்போது இப்படி இருக்கிறது:

'இறைவன் அவையே ஆகியும் தானே ஆகியும், இருவினைக்கேற்ப உயிர்கள் இறந்தும் பிறந்தும் உழலும்படி, தன் ஆணையிலிருந்து பிரியாமல் நிற்கிறான்.'

திருத்தங்கள் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

வெண்ணெய்நல்லூரான்

அடுக்கு முறை எனக்கும் ஏற்புடையது. மூன்று இடங்களைச் சுட்டுகிறேன்.

'உழலும்படி' என்பதில் துன்பம் ஒலிக்கிறது. 'போக்கு வரவு புரிய' என்பதில் அந்த ஒலி இல்லை, செல்லுதலையும் வருதலையும் செய்ய என்பதே சொல்லின் அளவு. 'ஆணையிலிருந்து பிரியாமல்' என்றால் ஆணை எங்கோ ஓரிடத்தில் இருப்பது போலவும் இறைவன் அதை விட்டு நகராமல் இருப்பது போலவும் தோன்றுகிறது. ஆணை என்பது சத்தி, அவனோடு குணமும் குணியும் போல நிற்பது. 'ஆணையோடு' என்று எழுதுங்கள். கடைசியில் 'அன்றே' என்பதை விட்டுவிட்டீர்கள், அது சரிதான். அந்த நாளே என்று யாரும் பொருள் கொள்ளாதபடி ஒரு குறிப்பு மட்டும் சேர்த்துவிடுங்கள்.

சுட்டுப்பெயர்

'ஆணையின்' என்பது 'புரிய' என்பதற்கும் 'நீக்கம் இன்றி' என்பதற்கும் இடையில் நிற்கிறது. வடமொழியில் அது செயலோடு சேர்கிறது: பிரிவின்றி இயைந்த ஆணையினால் உயிர்களின் பிறவிச் சுழற்சியைச் செய்கிறான் என்று. தமிழில் இருபுறமும் கை நீட்ட இடம் இருக்கிறது. தங்கள் உரைநடை ஒருபுறத்தை மட்டும் தேர்ந்துகொண்டது என்பதைக் கீழடுக்கில் சொல்லிவிடுங்கள்.

இன்னும் பெரிய திருத்தம் ஒன்று உண்டு. மூலத்தில் 'இறைவன்' என்ற எழுவாய் இல்லை. 'நிற்கும்' என்பது செய்யும் என்னும் முற்று. பழந்தமிழில் அவன் நிற்கும், அவள் நிற்கும், அது நிற்கும், அவை நிற்கும் என நான்குக்கும் அது பொது. முதல் சூத்திரத்தில் உலகத்தை அவன், அவள், அது என்று பால் பிரித்துச் சுட்டிய ஆசிரியர், அடுத்த சூத்திரத்தில் அந்த உலகத்துக்கு முதலானதைச் சொல்லும்போது எந்தப் பாலுக்கும் உரித்தாகாத வினைமுற்றை வைத்திருக்கிறார். சூத்திர நடையில் அது இயல்பாக வருவதுதான் என்று ஒருவர் சொல்லலாம். இருந்தாலும் 'நிற்கிறான்' என்று எழுதியவுடன், சுட்டுக்கு அப்பாற்பட்டதை மீண்டும் 'அவன்' என்ற சுட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறோம்.

வெண்ணெய்நல்லூரான்

பத்தாம் சூத்திரம் 'அவனே தானே ஆகிய அந்நெறி' என்று 'அவன்' என்றே சொல்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். ஆனாலும் இந்தச் சூத்திரத்தில் தாங்கள் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. பாடம் கேட்ட நாட்களில் இதை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

பாடபேதம்

'நிற்கிறது' என்றால் அஃறிணை ஆகிவிடுகிறது, 'நிற்கிறார்' என்றாலும் சுட்டு நீங்கவில்லை. நேற்றிரவு முழுவதும் இந்த ஒரு வினைமுற்றோடு இருந்தேன். மெய்கண்டார் முதல் சூத்திரத்தை விளக்கும்போது ஆண்ட 'முதல்' என்ற சொல்லையே எழுவாயாக எடுத்துக்கொண்டு, 'நிற்கும்' என்பதை மாற்றாமல் விட்டிருக்கிறேன். இன்றைய காதுக்கு அது எதிர்காலம் போலக் கேட்கும், அதைக் கீழடுக்கில் சொல்லிவிடுவேன். வரும் சனிக்கிழமை வட்டத்தில் படிக்கப்போவது இது:

'முதல், அவையே ஆகியும் தானே ஆகியும், இருவினைக்கேற்ப அவை போதலும் வருதலும் புரிய, ஆணையோடு நீங்குதல் இன்றி நிற்கும்.'